ஓடியும் ஏறாத உள் பேட்டரி: கேரவன் சார்ஜிங், ஐசொலேட்டர் ரிலே பழுது பார்க்கும் முறை

டெம்போ டிராவலர், விங்கர் போன்ற 12 வோல்ட் வண்டிகளில் கட்டிய கேரவன், கேம்பர் வேன்களுக்கான வழிமுறை இது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை 'வண்டி பேட்டரி' என்றும், உள்ளே விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்பு ஓட்டுவதை 'உள் பேட்டரி' என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது ஐசொலேட்டர் ரிலே. எஞ்சின் ஓடும்போது இரண்டையும் சேர்க்கும், நின்றதும் பிரிக்கும். பஸ் சேஸிஸில் கட்டிய பெரிய கேரவன் 24 வோல்ட். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

உள் பேட்டரி ஏறவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது பேட்டரியை மாற்றுவது. புது பேட்டரி கடையிலிருந்தே முழு சார்ஜில் வருவதால் நாலு நாள் ஜோராக ஓடும். ஐந்தாம் நாள் பழைய கதை. கோளாறு பெரும்பாலும் ஒரு லக்கிலோ (கேபிள் முனையில் அழுத்தும் உலோக வளையம்), எர்த்திலோ (வண்டியின் உடலோடு சேரும் நெகடிவ் இணைப்பு), ஃபியூஸிலோ, ரிலேயின் முனையிலோ இருக்கும். பதினைந்தாயிரம் ரூபாய் பேட்டரிக்கு முன்னால் பதினைந்து ரூபாய் ஃபியூஸைப் பாருங்கள். கீழே எல்லாமே அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

## கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர். 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் வைத்துக் கட்டிய டெஸ்ட் லாம்ப். 10, 13 நம்பர் ஸ்பேனர்கள், உப்புத்தாள், தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர். டி.சி. கிளாம்ப் மீட்டர் இருந்தால் பாதி வேலை மிச்சம். வாங்கும்போது டி.சி. ஆம்பியர் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். விலை மலிவான கிளாம்ப் மீட்டர்களில் பல ஏ.சி. மட்டுமே அளக்கும்.

டெஸ்ட் லாம்ப் எதற்கு, மீட்டர் போதாதா என்று தோன்றும். ஒரே ஒரு இழை மட்டும் அறாமல் தொங்கும் வயரிலும் மீட்டர் 12.5 வோல்ட் காட்டும். அதே வயரில் பல்பைப் போட்டால் மினுக்கும், அல்லது எரியவே எரியாது. லோடு இல்லாமல் எடுத்த வோல்டேஜை நம்பிக் கழற்றப்படும் நல்ல ஆல்டர்நேட்டர்கள் (எஞ்சின் ஓடும்போது சார்ஜ் தருபவை) நிறைய.

வேலை தொடங்கும் முன் மோதிரம், கைக் கடிகாரம், காப்பைக் கழற்றுங்கள். கூரையில் சோலார் இருந்தால் முதலில் பேனல் பக்கத்துப் பிரேக்கரை அணையுங்கள். பேட்டரி கழற்றும்போது முதலில் நெகடிவ். மாட்டும்போது கடைசியில் நெகடிவ்.

## முதலில் எந்த வகை ரிலே என்று பாருங்கள்

சாவி ரிலே: தடித்த ஸ்டட் (நட்டு மாட்டும் முனை) இரண்டு, சிறிய முனை ஒன்று அல்லது இரண்டு. சாவி போட்டதும், அல்லது ஆல்டர்நேட்டரின் டி பிளஸ் (D+, எஞ்சின் ஓடுவதைக் காட்டும் சிக்னல்) முனையில் கரண்ட் வந்ததும் சேரும்.

வோல்டேஜ் ரிலே: தடித்த ஸ்டட் இரண்டு, எர்த்துக்குப் போகும் மெல்லிய கறுப்பு வயர் ஒன்று, பெரும்பாலும் ஒரு சிறிய எல்.இ.டி. வண்டி பேட்டரியில் ஏறத்தாழ 13.3 வோல்ட் வந்தால் சேரும், 12.8-க்குக் கீழே இறங்கினால் பிரியும். மாடலுக்கு மாடல் இந்த எண் கொஞ்சம் மாறும். உறையின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள்.

## நாலு ரீடிங்

எஞ்சின், சோலார், சார்ஜர் எல்லாம் நின்று மூன்று மணி நேரமாவது ஆன பிறகு இரண்டு பேட்டரியையும் அளந்து எழுதுங்கள். மீட்டர் முனையை கிளாம்பில் வைக்காமல் பேட்டரியின் ஈயத் தூணிலேயே வையுங்கள். லெட் ஆசிட் பேட்டரியில் 12.7 என்றால் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். 11.8-க்குக் கீழே போனால் காலி.

பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரை 1500 ஆர்.பி.எம்.மில் பிடித்து, ஐந்து நிமிடம் கழித்து இரண்டையும் மறுபடி அளங்கள்.

வண்டி பேட்டரி 14.2, உள் பேட்டரி 13.8 அல்லது மேலே: சார்ஜ் போகிறது. குறை வேறு எங்கோ.

வண்டி பேட்டரி 14.2, உள் பேட்டரி 12.3-லேயே அசையாமல் நிற்கிறது: வழி அறுந்திருக்கிறது. அறிகுறி 1.

வண்டி பேட்டரி 14.2, உள் பேட்டரி 13.0 அளவில் திணறுகிறது: வழி இருக்கிறது, ஆனால் அடைத்திருக்கிறது. அறிகுறி 2.

இரண்டுமே 13-ஐத் தாண்டவில்லை: ரிலேயைத் தொட வேண்டாம். அறிகுறி 1-இல் முதல் கிளைக்குப் போங்கள்.

## அறிகுறி 1: எவ்வளவு ஓட்டினாலும் உள் பேட்டரி ஏறவே இல்லை

### கிளை அ: வண்டி பேட்டரியிலும் 13 வோல்ட் தாண்டவில்லை

ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பளபளப்பாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது டாஷ்போர்டில் இருக்கும் பேட்டரிச் சின்னம். சாவி போட்டதும் அது எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியவில்லை என்றால் அந்த பல்ப், அதன் ஃபியூஸ், அதற்குப் போகும் வயர். பழைய வகை ஆல்டர்நேட்டர்களில் அந்த பல்ப் வழியாகத்தான் முதல் கரண்ட் ஃபீல்டு காயிலுக்குப் போகும். பல்ப் ஃபியூஸ் ஆனால் ஆல்டர்நேட்டர் சுற்றும், சார்ஜ் வராது.

அதுவும் சரி என்றால், ஆல்டர்நேட்டரின் பி பிளஸ் (B+, சார்ஜ் வெளியேறும்) ஸ்டட்டுக்கும் வண்டி பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே, எஞ்சின் ஓடும்போது, மீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியிலுள்ள நட்டு, லக், பெரிய ஃபியூஸ் மூன்றில் ஒன்றில் குறை. பூஜ்யத்தை ஒட்டி இருந்து, வோல்டேஜும் ஏறவில்லை என்றால் கார்பன் பிரஷ் அல்லது ரெகுலேட்டர். இங்கே ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். முழு ஆல்டர்நேட்டர் மாற்றச் சொன்னால், முதலில் பிரஷ்-ரெகுலேட்டர் செட்டை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பி.எஸ்.6 வண்டி வைத்திருப்பவர்கள் இதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ஆல்டர்நேட்டர் இருந்தால், வண்டி பேட்டரி நிறைந்ததும் டீசல் மிச்சம் பிடிக்க வோல்டேஜை 12.5 வரை கூட இறக்கும். பிரேக் போடும்போதும் ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் 15-ஐ ஒட்டி ஏற்றும். நிறுத்தி வைத்து ஐந்து நிமிடம் அளந்தால் இது பிடிபடாது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஒரு சிறிய வோல்ட் மீட்டரைச் செருகி இருபது நிமிடம் ஹைவேயில் ஓட்டுங்கள். எண் மேலும் கீழும் ஆடினால் பழுது எதுவும் இல்லை, வண்டி அப்படித்தான். வோல்டேஜ் ரிலே இந்த வண்டிக்குப் பொருந்தாது. சாவி சிக்னலில் இயங்கும் டி.சி.-டி.சி. சார்ஜர்தான் (வண்டிப் பக்கத்து வோல்டேஜ் ஆடினாலும் உள் பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவி) வழி.

### கிளை ஆ: வண்டி பேட்டரி 14.2 காட்டுகிறது, ரிலேயில் சத்தமே இல்லை

ரிலே மேல் விரலை வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சேரும்போது ஒரு 'டக்' விரலுக்குத் தெரியும். தெரியவில்லை என்றால்:

வோல்டேஜ் ரிலேயில் முதல் சந்தேகம் அந்த மெல்லிய கறுப்பு எர்த் வயர். பெயின்ட் அடித்த தகரத்தில் செல்ஃப் ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருப்பார்கள். ஆறு மாதத்தில் துருவேறி விட்டுவிடும். அந்த ஒரு வயர் விட்டால் முழு ரிலேயும் ஊமை. வண்டி பேட்டரி பிளஸ்ஸில் டெஸ்ட் லாம்பின் ஒரு முனை, ரிலேயின் எர்த் வயரில் இன்னொன்று. பளிச்சென்று எரிய வேண்டும்.

சாவி ரிலேயில், சிறிய முனைகள் இரண்டுக்கும் நடுவே (சிறு பெட்டி போன்ற கட்டை ரிலே என்றால் 85, 86 எண் போட்டவை) சாவி போட்டு அளங்கள்.

12 வோல்ட்டை ஒட்டி வருகிறது, ஆனால் 'டக்' இல்லை: காயில் போய்விட்டது. உறுதி செய்ய வயர்களைக் கழற்றி ஓம் பாருங்கள். கட்டை ரிலேயில் 80 முதல் 100 ஓம், தடித்த ஸ்டட் உள்ள பெரிய ரிலேயான சோலனாய்டில் 10 முதல் 20 ஓம் இருக்கும். மீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால் காயில் அறுந்தது.

12 வோல்ட் வரவில்லை: சிறிய ஃபியூஸ், பிறகு சாவி வயரில் போட்ட இணைப்பு. இன்சுலேஷன் டேப் சுற்றிய முறுக்கு இணைப்பாக இருந்தால் டேப்பைப் பிரித்து, வயரை லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிடுவது வழக்கம்.

எந்தப் பக்கம் குறை என்று சீக்கிரம் பிரிக்க ஒரு வழி உண்டு. ரிலேக்கு வரும் சாவி வயரைக் கழற்றிவிட்டு, 5 ஆம்ப் ஃபியூஸ் போட்ட ஒரு வயரை வண்டி பேட்டரி பிளஸ்ஸிலிருந்து அந்த முனைக்குத் தொடுங்கள். 'டக்' கேட்டால் ரிலே நல்லது, சாவி வயர் கெட்டது. கேட்கவில்லை என்றால் காயிலின் எர்த் பார்த்து, அதுவும் சரி என்றால் ரிலேயை மாற்றுங்கள்.

மாற்றும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கடையில் ஸ்டார்ட்டர் சோலனாய்டை எடுத்துக் கொடுப்பார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையும் குறைவு. அது சில நொடி மட்டும் வேலை செய்வதற்கென்று செய்தது. காயில் ஓம் மிகக் குறைவு, சில ஆம்பியர் இழுக்கும், ஒரு மணி நேர ஓட்டத்தில் வெந்துவிடும். தொடர்ந்து ஓடும் வகை வேண்டும் என்று கேளுங்கள். கடைக்காரர் தெரியாது என்றால் கடையிலேயே காயில் ஓம் அளந்து பாருங்கள்: 3, 4 ஓம் காட்டினால் வைத்துவிட்டு வாருங்கள்.

### கிளை இ: 'டக்' கேட்கிறது, சார்ஜ் போகவில்லை

எஞ்சின் ஓடட்டும். மீட்டரின் கறுப்பு முனையை நல்ல எர்த்தில் வைத்து, சிவப்பு முனையை ரிலேயின் இரண்டு தடித்த ஸ்டட்களிலும் மாறி மாறி வையுங்கள்.

ஒன்றில் 14.2, மற்றதில் 12.3: உள்ளே காண்டாக்ட் கருகிவிட்டது. திறந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். பத்து நாள் ஓடும். மாற்றிவிடுங்கள்.

இரண்டிலும் 14.2, ஆனால் உள் பேட்டரித் தூணில் 12.3: ரிலேக்குப் பின்னால் இருக்கும் ஃபியூஸ் அல்லது கேபிள். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். உள்ளிருக்கும் தகட்டில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் வெளியே தெரியாது. இரண்டு முனையிலும் மீட்டர் வைத்தே பாருங்கள்.

ஃபியூஸ் போயிருந்தால், புதிது போடும் முன் ஏன் போனது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாவி ரிலேயில் இதற்கு ஒரு பழகிய காரணம் உண்டு. சாவி போட்டதுமே ரிலே சேர்ந்துவிடும். அடுத்த நொடி செல்ஃப் அடிக்கிறீர்கள். டீசல் எஞ்சினின் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதில் ஒரு பங்கை உள் பேட்டரியிலிருந்தும் ரிலே வழியாக உறிஞ்சும். வண்டி பேட்டரி பலவீனமான காலையில் பெரும்பங்கே அங்கிருந்து போகும். ஃபியூஸ் போகாவிட்டால் ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். பெரிய ஃபியூஸ் போடுவது தீர்வு ஆகாது. கேபிள்தான் அடுத்து வேகும். ரிலே சிக்னலை ஆல்டர்நேட்டரின் டி பிளஸ்ஸுக்கு மாற்றுங்கள். எஞ்சின் ஓடிய பிறகே சேரும். டி பிளஸ் அதிக கரண்ட் தாங்காது. ஆகவே அது ஒரு கட்டை ரிலேயை இயக்கட்டும், அந்தக் கட்டை ரிலே பெரிய சோலனாய்டை இயக்கட்டும்.

ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். நீளக் கேபிளின் இரு முனையிலும் பேட்டரி உண்டு என்பதால், இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால், நடுவில் கேபிள் உரசி பாடியைத் தொடும்போது மறு பக்கத்துப் பேட்டரி தீயை மூட்டும்.

## அறிகுறி 2: ஏறுகிறது, ஆனால் நிறைவதே இல்லை

வோல்டேஜ் வழியில் தொலைகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க, கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டும். உள்ளே இன்வெர்ட்டரில் 300 வாட் அளவுக்கு ஏதாவது போடுங்கள். ஏறத்தாழ 30 ஆம்பியர் இழுக்கும். எஞ்சின் 1500-இல் ஓடட்டும்.

இப்போது மீட்டரின் ஒரு முனை வண்டி பேட்டரி பிளஸ்ஸிலும் மறு முனை உள் பேட்டரி பிளஸ்ஸிலும். மொத்தம் 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதிகம் என்றால் துண்டு துண்டாக அளங்கள்: ரிலேயின் இரு ஸ்டட்டுக்கு நடுவே 0.1-க்குள், ஃபியூஸுக்குக் குறுக்கே 0.1-க்குள், ஒவ்வொரு லக்குக்கும் அதன் ஸ்டட்டுக்கும் நடுவே 0.05-க்குள்.

அதே அளவை நெகடிவ் பக்கமும் எடுங்கள். வண்டி பேட்டரி நெகடிவ் தூணிலிருந்து உள் பேட்டரி நெகடிவ் தூணுக்கு. இதை யாரும் அளப்பதில்லை, குறை இங்கேதான் அதிகம் இருக்கிறது. உள் பேட்டரியின் எர்த்தை சீட் போல்ட்டிலோ, மரச்சட்டம் பிடித்த ஸ்க்ரூவிலோ மாட்டியிருப்பார்கள். சேஸிஸில் பெயின்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியும் இடத்தில் லக் வைத்து, நட்சத்திர வாஷர் போட்டு, முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். பிளஸ் எந்தத் தடிமனோ எர்த்தும் அதே தடிமன்.

இணைப்புகள் எல்லாம் சரி, ஆனாலும் வோல்டேஜ் தொலைகிறது என்றால் கேபிள் மெலிது. ஐந்து மீட்டர் தூரத்துக்கு, 30 ஆம்பியரில், செம்புக் கேபிள் தின்னும் வோல்டேஜ் கணக்கு இது (ஒரு வழிக்கு மட்டும்): 2.5 சதுர மி.மீ. 1.1 வோல்ட், 6 சதுர மி.மீ. 0.46, 16 சதுர மி.மீ. 0.18. வீட்டு வயரிங்குக்கு வாங்கிய 2.5-ஐ ஓட்டியிருந்தால் அந்த பேட்டரி ஆயுளுக்கும் நிறையாது. 16-க்குக் கீழே போட வேண்டாம், 25 போட்டால் இன்னும் நல்லது. லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்த வேண்டும். சுத்தியால் தட்டிய லக் முதலில் பிடிக்கும், அதிர்வில் ஒரு மழைக்காலத்துக்குள் தளரும். இந்த ஒரு வேலைக்காகக் கிரிம்பர் வாங்குவதைவிட, பேட்டரி கடையில் கேபிளைக் கொடுத்து அழுத்தி வாங்கிக்கொள்ளலாம்.

வழி சுத்தம், உள் பேட்டரியில் 14 வோல்ட் வருகிறது, ஆனாலும் இரவில் சீக்கிரம் இறங்குகிறது என்றால் ஓட்டிய நேரத்தைக் கணக்குப் பாருங்கள். 150 ஆம்பியர்-மணி பேட்டரி பாதி இறங்கினால் 75 திரும்பப் போட வேண்டும். வீணாவதையும் சேர்த்தால் 90. சராசரி 20 ஆம்பியர் போனால் நாலரை மணி நேரம். கடைசி இருபது சதவீதத்தை லெட் ஆசிட் பேட்டரி மெதுவாகத்தான் குடிக்கும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போய் வந்து, 'ஏறவில்லை' என்றால் பேட்டரி என்ன செய்யும்?

இதற்கும் பிறகுதான் பேட்டரி மேல் சந்தேகம். முழு சார்ஜுக்குப் பின் ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டரில் கிராவிட்டி (ஆசிட் திரவத்தின் அடர்த்தி) பாருங்கள். ஆட்டோ பேட்டரியில் 1.260-க்கு மேலும் டியூபுலரில் 1.240-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்து நின்றால் அந்த பேட்டரி முடிந்தது. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் வேண்டாம். ஊற்றிய உடனே கிராவிட்டி பார்த்தால் பொய் சொல்லும்; ஒரு சார்ஜ் ஏறிய பிறகு பாருங்கள்.

## அறிகுறி 3: ரிலே 'டக் டக்' என்று சேர்ந்து பிரிந்துகொண்டே இருக்கிறது

பெரும்பாலும் வோல்டேஜ் ரிலேயில்தான் வரும். 13.3 வந்ததும் சேர்கிறது, காலியான உள் பேட்டரி ஒரேயடியாக இழுக்கிறது, வோல்டேஜ் 12.8-க்குக் கீழே விழுகிறது, பிரிகிறது, மறுபடி ஏறுகிறது. ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு மூன்று நிமிடம் நாலைந்து முறை தட்டினால் கவலை வேண்டாம்.

நிற்காமல் தட்டினால், முதலில் ரிலேயின் எர்த். அடுத்து, வண்டி பேட்டரியிலிருந்து ரிலே வரை வரும் துண்டு. ரிலே தன் ஸ்டட்டில் இருக்கும் வோல்டேஜைத்தான் பார்க்கும். அந்தத் துண்டில் தளர்ந்த லக் இருந்தால், கரண்ட் ஓடியதும் அங்கே வோல்டேஜ் விழும், ஆல்டர்நேட்டர் நன்றாக இருந்தாலும் ரிலே ஏமாந்து பிரியும். அதுவும் சரி, ஐட்லிங்கில் மட்டும் தட்டுகிறது என்றால் ஏ.சி., ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஆல்டர்நேட்டரைத் தின்கின்றன. உள் பேட்டரியை வெளிச் சார்ஜரில் பாதி ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். நின்றுவிட்டால் பழுது இல்லை. நிற்காவிட்டால் ஆல்டர்நேட்டரை லோடு போட்டுச் சோதிக்க எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டும். தட்டுவதை அப்படியே விட்டு ஓட்டாதீர்கள். காண்டாக்ட் ஒவ்வொரு தட்டுக்கும் கருகும்.

## அறிகுறி 4: காலையில் செல்ஃப் அடிக்கவில்லை

முதல் கேள்வி: உள் பேட்டரி எப்படி இருக்கிறது?

### இரண்டும் சேர்ந்தே இறங்கியிருக்கின்றன

ரிலே பிரியவில்லை. எஞ்சினையும் சோலாரையும் சார்ஜரையும் நிறுத்தி 15 நிமிடம் விட்டு, ரிலேயின் இரு ஸ்டட்டுக்கு நடுவே அளங்கள். உள்ளே விளக்கு, ஃபேன் எல்லாம் போட்டு வைத்தபடி அளக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேட்டரியும் தற்செயலாக ஒரே வோல்டேஜில் இருந்து ஏமாற்றும். தெளிவான வித்தியாசம் காட்டினால் ரிலே பிரிந்திருக்கிறது. 0.00-ஐ ஒட்டி இருந்தால் சேர்ந்தே இருக்கிறது.

இப்போது காயில் வயரை (வோல்டேஜ் ரிலேயில் எர்த் வயரை) கழற்றுங்கள். பிரிந்துவிட்டால், சாவி எடுத்த பிறகும் காயிலுக்குக் கரண்ட் வருகிறது. எப்போதும் உயிரோடு இருக்கும் வயரில் மாட்டியிருக்கிறார்கள். பிரியவில்லை என்றால் காண்டாக்ட் ஒட்டிவிட்டது. ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினால் விடும், அன்று ஊர் போய்ச் சேரலாம். மறுநாள் மறுபடி ஒட்டும், மாற்ற வேண்டும்.

சோலார் உள்ள வண்டியில் பகலெல்லாம் வோல்டேஜ் ரிலே சேர்ந்தே இருந்தால் அது குறை அல்ல. இரண்டு பேட்டரியின் வோல்டேஜையும் பார்க்கும் வகை ரிலே (இரு பக்கமும் பார்க்கும் ரிலே), சோலார் 13.3-ஐத் தாண்டியதும் வண்டி பேட்டரிக்கும் பங்கு கொடுக்கிறது. இருட்டிய பிறகும் பிரியாவிட்டால்தான் கேள்வி.

### உள் பேட்டரி நன்றாக இருக்கிறது, வண்டி பேட்டரி மட்டும் இறங்கியிருக்கிறது

ஐசொலேட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. வண்டிப் பக்கம் எதுவோ குடிக்கிறது. கதவெல்லாம் மூடி, சாவியை எடுத்து, அரை மணி நேரம் விட்டு (பி.எஸ்.6 வண்டியில் கம்ப்யூட்டர் தூங்க அவ்வளவு ஆகும்), வண்டி பேட்டரியின் நெகடிவ் கேபிளில் கிளாம்ப் மீட்டரை மாட்டுங்கள். 50 மில்லி ஆம்பியர் வரை சரி. 300 மில்லி என்றால் நாளுக்கு 7 ஆம்பியர்-மணி. ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் செல்ஃப் அடிக்காது.

அதிகம் குடித்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் விழுகிறதோ அந்த வயர். டேஷ்கேம், ஆம்ப்ளிஃபயர், படிக்கட்டு விளக்கு, டாக்ஸி பதிவு வண்டியில் ஏ.ஐ.எஸ். 140 டிராக்கர், இவற்றை முதலில் சந்தேகப்படுங்கள். கேரவன் கட்டியவர்கள் உள்ளே போகும் ஏதாவது ஒன்றைத் தூரம் மிச்சம் என்று வண்டி பேட்டரியிலேயே மாட்டியிருப்பதும் உண்டு.

எந்த ஃபியூஸை உருவினாலும் விழவில்லை என்றால் ஆல்டர்நேட்டர் டயோடு. விடியற்காலையில், எஞ்சின் தொட்டால் குளிரும்போது ஆல்டர்நேட்டர் மட்டும் இளஞ்சூடாக இருந்தால் அதுதான். எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து பேட்டரியில் பாருங்கள், 0.5-க்கு மேல் காட்டினால் டயோடு போனது உறுதி. இது கடையில் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

## அறிகுறி 5: வெளிக் கரண்டில் செருகினால் ஏறவில்லை

ரிலேக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சாக்கெட்டில் கரண்ட் இருக்கிறதா என்று வேறு ஏதாவது செருகிப் பாருங்கள், பிறகு வண்டிக்குள் எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் விழும் ஸ்விட்ச்) விழாமல் இருக்கிறதா, சார்ஜர் ஓடுகிறதா, அதன் வெளியேறும் முனையில் 13.5 முதல் 14.4 வரை வருகிறதா? வந்து, பேட்டரியில் வரவில்லை என்றால் நடுவில் இருக்கும் ஃபியூஸ். பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் பல ஸ்மார்ட் சார்ஜர்கள் தொடங்கவே மறுக்கும். ஜம்ப் கேபிளில் வண்டி பேட்டரியோடு பத்து நிமிடம் சேர்த்து வைத்தால் எழும். அந்தப் பத்து நிமிடமும் பேட்டரி பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஹோம்ஸ்டேயில் ஜன்னல் வழியாக மெல்லிய எக்ஸ்டென்ஷன் இழுத்தால் அது சூடாகும், வோல்டேஜும் விழும். எர்த்தும் சேர்த்து மூன்று வயர் உள்ள 2.5 சதுர மி.மீ. கேபிள் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்துகொண்டே இருந்தால், வண்டி பாடியைத் தொட்டால் சுரீரென்றால், உடனே பிளக்கை எடுங்கள். 230 வோல்ட் பக்கத்தைத் திறப்பது லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை. ஆர்.சி.சி.பி.யை நேரடியாகச் சேர்த்துவிட்டு ஓட்டும் யோசனை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

## அறிகுறி 6: சூடு, வாடை

ரிலேயின் உடல் முழுவதும் சீராகச் சூடாக இருந்தால் அது காயில் சூடு. கை வைத்து ஐந்து நொடி பொறுக்க முடிந்தால் விட்டுவிடலாம். ஒரு ஸ்டட் மட்டும் உடலைவிடச் சூடாக இருந்தால் அங்கே நட்டு தளர்ந்திருக்கிறது. கழற்றி, தேய்த்து, லக்கை நேராக ஸ்டட்டில் உட்காரவைத்து முறுக்குங்கள். லக்குக்கு அடியில் வாஷர் போட்டிருந்தால் எடுத்து மேலே போடுங்கள். கரண்ட் வாஷர் வழியாகப் போகக் கூடாது.

அழுகிய முட்டை வாடை வந்தால் எஞ்சினையும் சார்ஜரையும் நிறுத்தி, கதவுகளைத் திறந்து, எல்லோரும் இறங்குங்கள். அடுப்பு, லைட்டர் பக்கம் போக வேண்டாம். பேட்டரி கிளாம்பையும் உடனே கழற்றாதீர்கள். பேட்டரி வாயு வெடிக்க அந்தப் பொறி போதும். அரை மணி கழித்து, பேட்டரியின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள். ஒரு செல் மட்டும் சுட்டால் அது உள்ளே ஷார்ட். அந்த பேட்டரியை இனி சார்ஜ் செய்யவே கூடாது. எல்லாம் ஒரே சூடு என்றால், உள் பேட்டரியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டி வண்டி பேட்டரியில் அளங்கள். 14.8-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

## அறிகுறி 7: லித்தியம் மாற்றியதிலிருந்துதான் தொல்லை

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி நிறைந்து ஓய்வில் இருக்கும்போதே 13.3 வோல்ட் காட்டும். இரு பக்கமும் பார்க்கும் வோல்டேஜ் ரிலே, எஞ்சின் இன்னும் ஓடுகிறது என்று நினைத்துச் சேர்ந்தே நிற்கும். இரவு முழுக்க இரண்டு பேட்டரியும் ஒன்றாக இருக்கும். ரிலேயில் குறை தேடிப் பயனில்லை.

அடுத்த தொல்லை பெரியது. காலியான 100 ஆம்பியர்-மணி லித்தியம், வயரும் ரிலேயும் தருகிற அளவுக்கு இழுக்கும். டிராஃபிக்கில் ஐட்லிங்கில் நிற்கும்போது ஆல்டர்நேட்டரின் விசிறி மெதுவாகச் சுற்ற, கரண்ட் மட்டும் உச்சத்தில் ஓடும். ஆல்டர்நேட்டர் வாடை வந்தால் அன்றே ரிலே வயரைக் கழற்றிவிடுங்கள். 20 அல்லது 30 ஆம்ப் டி.சி.-டி.சி. சார்ஜர் இரண்டு தொல்லையையும் தீர்க்கும்.

டி.சி.-டி.சி. சார்ஜர் போட்ட பிறகும் ஏறவில்லை, சார்ஜர் மட்டும் சூடாகிறது என்றால், பழைய ரிலேயைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். அதை அப்படியே விட்டால், சார்ஜர் உள் பேட்டரிக்குக் கொடுப்பது ரிலே வழியாகத் திரும்பி வந்து சார்ஜருக்கே போகும். கிணற்றில் இறைத்த தண்ணீர் மறுபடி கிணற்றுக்கே ஓடுகிற கதை.

முனையில் பூஜ்யமோ, இரண்டு மூன்று வோல்ட்டோ காட்டினால் பேட்டரி செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். உள்ளிருக்கும் பி.எம்.எஸ். (செல்களைக் காக்கும் சர்க்யூட்) தன்னைத் துண்டித்திருக்கிறது. லோடையெல்லாம் கழற்றி, லித்தியம் எழுப்பும் வசதியுள்ள சார்ஜரை மாட்டுங்கள். ஒரு மணி நேரத்தில் எழவில்லை என்றால் விற்றவரிடம் கொண்டுபோங்கள். மூடியைப் பிரித்து செல்லைத் தொட வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் குளிர்காலத்தில், உறைபனி விழுந்த காலையில் சார்ஜ் ஏறாமல் நின்றால், பி.எம்.எஸ். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜை மறுக்கிறது. வெயில் ஏறினால் சரியாகும்.

## 24 வோல்ட் வண்டி

பஸ் சேஸிஸ் கேரவனில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இருக்கும். உள் சாமான்கள் 12 வோல்ட் என்பதால், இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் எடுத்து ரிலேயில் மாட்டிவிடுவார்கள். அந்த ஒரு பேட்டரி தினமும் இறங்கும். மற்றது அளவுக்கு மேல் ஏறித் தண்ணீர் கொதிக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு பேட்டரி போகிறது என்று சொல்லும் வண்டிகளில் இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள்: ஓய்வில் 12.8-உம் 12.1-உம் இருந்தால் இதுதான். அந்த வயரைக் கழற்றிவிட்டு, 24-இலிருந்து 12-க்கு இறக்கும் டி.சி.-டி.சி. சார்ஜரை இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து மாட்ட வேண்டும். ஏற்கெனவே ஏறுமாறாகிவிட்ட பேட்டரிகளைத் தனித்தனியாக 12 வோல்ட் சார்ஜரில் நிறைத்த பிறகே மறுபடி தொடராகச் சேருங்கள்.